5-அமினோ-1எம்கியூ கேப்சூல்: 50 மி.கி. என்பது எதன் எடை?

அமெரிக்க ஆன்லைன் கடைகளில் கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை என்று ஓடிக்கொண்டிருக்கும் சரக்கு இது. மூலக்கூறுக்கு ஐந்துக்கு மூன்று மதிப்பெண் தரலாம். டப்பாவுக்கு ஒன்றுதான், அதுவும் தாராளம்.

கொழுப்புச் செல்களிலும் கல்லீரலிலும் என்.என்.எம்.டி. என்றொரு நொதி உண்டு. பி3 வைட்டமினின் ஒரு வடிவமான நிகோடினமைடில் மெத்தில் தொகுதியை ஒட்டிவிடுவது அதன் வேலை. ஒட்டியது என்.ஏ.டி. (செல்கள் ஆற்றல் எடுக்க உதவும் மூலக்கூறு) தயாரிப்புக்குத் திரும்பாது, சிறுநீரில் போய்விடும். சுண்டெலிகளில் இந்த நொதியின் உற்பத்தியை அடக்கினால் கொழுப்புத் தீனி தின்றும் அவ்வளவாகப் பருக்கவில்லை என்று 2014-ல் நேச்சர் இதழில் ஆய்வு வந்தது. நொதியின் மேல் நேராகப் போய் உட்காரும் சின்ன மூலக்கூறுதான் 5-அமினோ-1எம்கியூ. கால்வெஸ்டனில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழக மருத்துவக் கிளையின் குழு 2018-ல் இதைப் பருத்த சுண்டெலிகளுக்குப் போட்டுப் பார்த்தது. பதினோரு நாளில் எடை சுமார் 5 சதவீதம் இறங்கியது. தீனி குறையவில்லை என்பதுதான் இதில் ருசியான விஷயம்.

விளம்பரம் மறைப்பது அளவை. அந்தச் சுண்டெலிகளுக்குக் கிலோவுக்கு 20 மி.கி., நாளுக்கு மூன்று வேளை, தோலுக்கடியில் ஊசி. சுண்டெலி அளவை மனித அளவாக மாற்றும் உடல் பரப்புக் கணக்குப்படி, நாளின் மொத்தமான 60-ஐ 12.3-ஆல் வகுத்தால் கிலோவுக்குச் சுமார் 4.9 மி.கி.; 70 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 340 மி.கி. பக்கம். விளம்பரத்தை உரசிப் பார்க்கத்தான் இந்தக் கணக்கு, விழுங்குவதற்கல்ல. விற்பதோ 50 மி.கி., அதுவும் வாய்வழி. ஊசியில் கிடைத்த பலனை அதைவிடக் குறைந்த அளவில் கேப்சூல் தரும் என்பதற்கு எந்த ஆதாரத்தையும் டப்பா காட்டுவதில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் உப்பில் இருக்கிறது. இந்த மூலக்கூறு நேர்மின் அயனி. துணைக்கு ஓர் எதிர்மின் அயனி இல்லாமல் பொடியாக நிற்காது. குளோரைடு உப்பானால் 50 மி.கி.யில் அசல் மூலக்கூறு சுமார் 41 மி.கி. அயோடைடானால் வெறும் 28. மீதி 22 மி.கி. அயோடைடு. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குத் தேவையான அயோடின் 150 மைக்ரோகிராம், அமெரிக்க உச்ச வரம்பு 1,100. ஒரே கேப்சூல் அந்த வரம்பைப் போல இருபது மடங்கு! தைராய்டு கோளாறு உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது. ‘99 சதவீதம் தூய்மை’ என்ற எச்.பி.எல்.சி. (கலவையைப் பிரித்து அளக்கும் ஆய்வகச் சோதனை) சான்றிதழும் இங்கே உதவாது. புற ஊதா ஒளியில் பார்க்கும் அந்தச் சோதனை மூலக்கூறை அளக்கும், அயோடைடைப் பொதுவாகக் கண்டுகொள்ளாது. எந்த உப்பு என்று லேபிளில் எழுதாத டப்பாவை அப்படியே திருப்பி வைத்துவிடுங்கள்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஒப்புதல் கிடையாது. ‘ஆராய்ச்சிக்கு மட்டும்’ என்று பொடி எழுத்தில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே ‘காலையில் ஒன்று’ என்று எழுதுவது எந்த ஊர் நியாயமோ.

நொதியைத் தடுத்து எடை குறைக்கும் மருந்துதான் வேண்டுமென்றால், மனிதர்களில் சோதித்த ஆர்லிஸ்டாட் இருக்கிறது, எஃப்.டி.ஏ. ஒப்புதல் 1999-ல். இது தடுப்பது குடலில் கொழுப்பைச் செரிக்கும் லைபேஸை. ஒவ்வொரு முக்கிய உணவோடும் 120 மி.கி.; சாப்பிட்ட கொழுப்பில் ஏறக்குறைய 30 சதவீதம் செரிக்காமல் வெளியேறும். பஜ்ஜி, வடை என்று எண்ணெயில் பொரித்ததைத் தின்றுவிட்டுப் போட்டால், உள்ளாடையில் எண்ணெய்க் கறை படியலாம். கொழுப்பே இல்லாத வேளைக்கு மாத்திரையைத் தவிர்க்கலாம். மல்டிவைட்டமினை இரவில் படுக்கும்போது தள்ளிப் போடுங்கள். தைராய்டு மாத்திரையான தைராக்சினுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். நான்கு ஆண்டு நடந்த பெரிய சோதனையில் இதைப் போட்டவர்களுக்குச் சராசரியாக 5.8 கிலோ குறைந்தது, வெற்று மாத்திரைக்காரர்களுக்கு 3. பிரமாதம் இல்லைதான், ஆனால் குறைந்தது மனிதர்களின் எடை.