மேல்மலையில் இருந்துகொண்டு கடல் தரவு: சில வருட அனுபவம்

கேரட்டும் பூண்டும் போடுகிறவனுக்குக் கடல் எவ்வளவு சூடாக இருந்தால் என்ன என்று கொடைக்கானல் மேல்மலையில் முன்பு கேட்பார்கள். 2018 நவம்பர் 16-இல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், மலை வரைக்கும் வந்து மரங்களைச் சாய்த்தபின் கேட்பதில்லை.

முதலில் பிடித்துப்போனது செயற்கைக்கோள் எடுக்கும் கடல் மேற்பரப்பு வெப்பநிலைப் படம்தான். அகச்சிவப்பில் எடுத்தது ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் துல்லியம். ஆனால் மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது. நமக்கு வேண்டிய ஐப்பசி, கார்த்திகையில்தான் வங்கக் கடல் மேல் மேகம் கும்மியடிக்கும். மைக்ரோவேவ் மேகத்தைத் தாண்டிப் பார்க்கும், ஆனால் ஒரு கட்டமே சுமார் 25 கிலோமீட்டர். கனமழையிலும் கரையோரத்திலும் அதுவும் கைவிரிக்கும். ஓட்டையே இல்லாத அழகான படம் கிடைத்தால், எது அளந்தது, எது கணக்குப் போட்டு நிரப்பியது என்று பாருங்கள்.

என் ஓட்டு ஆர்கோ மிதவைகளுக்கு. உலகம் முழுக்கச் சுமார் 4,000. ஆயிரம் மீட்டர் ஆழத்தில் மிதந்து, பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, ஏறிவரும் வழியில் வெப்பத்தையும் உப்பையும் அளந்து அனுப்பும். கங்கை, பிரம்மபுத்திரா கொண்டுவரும் நன்னீர் வங்கக் கடலின் வடபகுதியில் மேலாகப் படர்ந்து கிடக்கிறது. உப்பு குறைந்த அந்த அடுக்கு லேசானது, அடிநீரோடு எளிதில் கலக்காது. அதனால் புயல் கலக்கினாலும் குளிர்ந்த நீர் மேலே வரத் திணறும். புயலுக்கு வேண்டிய சூடு குறையாது. மேற்பரப்புப் படத்தில் இந்த அடுக்கு எவ்வளவு ஆழம் என்று தெரியவே தெரியாது.

குறையும் உண்டு. பத்து நாள் இடைவெளிக்குள் ஒரு புயலே வந்து போய்விடும். அப்போது சென்னைத் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் (என்.ஐ.ஓ.டி.) நங்கூரமிட்ட மிதவைகள்தான் கதி. அப்புறம், ஒவ்வொரு அளவோடும் வரும் தரக்குறியைப் பார்க்காமல் ஆர்கோ எண்ணை எடுக்காதீர்கள்: 1 என்றால் நம்பலாம், 4 என்றால் தள்ளிவிடுங்கள். கோப்பைத் திறக்கக் கொஞ்சம் பைத்தான் நிரல்மொழி பழகியாக வேண்டும். மேல்மலை சிக்னலில் பெரிய கோப்பை இறக்குவது தனிக் கொடுமை.

இந்தியப் பெருங்கடல் இருமுனை (ஐ.ஓ.டி.) எண்ணைப் பற்றி ஒன்று. 2019-இல் அது நேர்மறையில் வலுவாக ஏறியது. அந்த ஆகஸ்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. இரண்டையும் முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு, நான் போடமாட்டேன். இந்தியப் பெருங்கடலின் மேற்கிலும் சுமத்ரா பக்கத்திலும் இரண்டு பெரும் பரப்புகளின் வெப்ப வித்தியாசம்தான் ஐ.ஓ.டி. ஒரு பள்ளத்தாக்கின் ஒருநாள் மழையை அதில் தேடக்கூடாது.

பூண்டு பிடுங்கும் நாளுக்கு நான் இன்னும் வானிலை மைய அறிவிப்பைத்தான் பார்க்கிறேன். விதைப்பூண்டு எவ்வளவு வாங்குவது என்று யோசிக்கும்போது மட்டும் மிதவைப் பக்கம் போவேன்.