கவ் டாட் யூகே: அரசாங்க வெப்சைட்னா இப்படி இருக்கணும் (5க்கு 4)

பிரிட்டன்ல கார் டாக்ஸ் கட்டணும்னா கவ் டாட் யூகே போய் ரிமைண்டர் லெட்டர்ல இருக்குற நம்பர போட்டா போதும், லாகின் கூட கேக்காது, கார்டுல பணம் கட்டுனா முடிஞ்சுது. 2012ல டைரக்ட்கவ்ங்குற பழைய அரசாங்க வெப்சைட்ட மூடிட்டு இத கொண்டு வந்தாங்க, அதுக்குன்னே டெவலப்பர் டிசைனர் எல்லாரையும் அரசாங்கத்துக்குள்ளயே வேலைக்கு எடுத்து ஜிடிஎஸ்னு (கவர்மென்ட் டிஜிட்டல் சர்வீஸ்) டீம் போட்டாங்க, அதான் மேட்டரே. நெறய நாட்டுல பெரிய டெண்டர் விடுவாங்க, கம்பெனி செஞ்சு குடுத்துட்டு போயிடும், அப்புறம் ஒரு பட்டன் மாத்தணும்னாலும் புது காண்ட்ராக்ட், ஆபீஸ்ல கோடிங் தெரிஞ்ச ஆளே இருக்காது. இவங்க எழுதுன புரோகிராம் கோடு நெறய கிட்ஹப்ங்குற கோடு பகிர்ற வெப்சைட்ல யார் வேணா பாக்குற மாதிரி ஓப்பனாவே இருக்கு, தொடர்ந்து திருத்துறாங்க.

ஒரு மார்க் ஏன் கொறச்சேன்னா, நாம பாக்குற முன்னாடி பக்கம் தான் புதுசு, பின்னாடி பல டிபார்ட்மென்ட்ல இன்னும் பழைய சிஸ்டம் தான் ஓடுது, புதுசா தொடங்க கெடைக்கிற பணம் பராமரிப்புக்கு கெடைக்க மாட்டேங்குது.