காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்த பிறகும் மிச்சமிருக்கும் காது: நாலு வருஷ அனுபவம்

எனக்குக் காது முழுசாகப் போகவில்லை. ச, ஷ, த எல்லாம் கேட்காமல் போய்ப் பல வருஷம். ஆனால் 500 ஹெர்ட்ஸ் வரை தாழ்ந்த சத்தங்கள் ஓரளவு கேட்டன. இந்த மிச்சம் தங்குமா என்று ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டதுதான் நான் செய்த உருப்படியான காரியம்.

உள்காதில் நத்தை ஓடு மாதிரிச் சுருண்டிருக்கும் காக்ளியாவின் அடிப்பகுதி கீச்சுச் சத்தத்துக்கு, உச்சி தாழ்ந்த சத்தத்துக்கு. இம்ப்ளான்ட்டின் எலக்ட்ரோடு, அதாவது காது நரம்புக்குச் சத்தத்தை மின்சாரமாகத் தரும் கம்பி, அடியிலிருந்துதான் உள்ளே போகிறது. மெல்லிய, வளைகிற எலக்ட்ரோடை காக்ளியாவின் அடியிலுள்ள வட்டச் சாளரம் என்ற சின்னத் துளை வழியாக மெதுவாகச் செலுத்தி, ஸ்டீராய்டும் கொடுத்தால் உச்சியில் சத்தத்தை உணரும் மயிர்ச்செல்கள் பிழைக்க வாய்ப்பு கூடும். உத்தரவாதம் கிடையாது. சிலருக்கு உடனே போகும். சிலருக்கு மாதங்கள் கழித்து, உள்ளே தழும்புத் திசு வளர்ந்து போகும்.

சத்தத்தை வாங்கி இம்ப்ளான்ட்டுக்கு அனுப்பும் வெளிக்கருவிதான் ப்ராசசர். என் ப்ராசசரில் காதுக்குள் வைக்கும் சின்ன ஸ்பீக்கரும் உண்டு. தாழ்ந்த சத்தத்தை அது பெருக்கித் தரும். மற்றதை எலக்ட்ரோடு மின்சாரமாகத் தரும். 1999ல் ஜெர்மனியின் பிராங்பர்ட் டாக்டர்கள் எழுதிய முறை இது.

இதன் அருமை தெரிந்தது எங்கள் ஊர்க் கோயில் கொடையில். வில்லுப்பாட்டில் வில்லில் கட்டிய மணிகள் எலக்ட்ரோடு வழியாக வருகின்றன. குடத்தின் கும்மென்ற அடி என் சொந்தக் காது வழியாக. ஸ்பீக்கரைக் கழற்றிப் பார்த்தேன். மணி இருந்தது, தாளம் இருந்தது, குடம் வெறும் தட்டலாகிவிட்டது. பாடுகிறவர் குரல் ஏறுவதும் இறங்குவதும் மங்கிப்போயின. மறுபடி மாட்டியதும் தங்கச்சி மகன் கேட்டான்: "பெரியம்மா, குடம் கேக்கா?" "நல்லாக் கேக்குதுலே!" அந்தக் கூட்டத்துக்குள்ளும் அவன் பேச்சு பிரிந்து கேட்டது.

ரெண்டாவது வருஷம் காது அடைத்த மாதிரி இருந்தது, 500 ஹெர்ட்ஸில் கேட்கும் திறன் இறங்கியிருந்தது. டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையில் கொஞ்சம் திரும்பியது, முழுசாக இல்லை. 250 ஹெர்ட்ஸில் அப்படியே நிற்கிறது. எலக்ட்ரோடு தரும் மின்சார அளவைச் சரிசெய்யும் மேப்பிங்குக்குப் போகும்போதெல்லாம் ப்ராசசரைக் கழற்றிவிட்டு, காது எந்தச் சத்தத்தை எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராமும் எடுக்கச் சொல்கிறேன். மேப்பிங் மட்டும் செய்தால் மிச்சம் குறைவது தெரியாமலே போகும். பாளையங்கோட்டை வெயிலில் வேர்வையும் அழுக்கும் ஸ்பீக்கரை அடைக்கும். ராத்திரி துடைத்து, உலர்த்தும் டப்பாவில் வைப்பேன்.

"எப்படியும் போயிடும், எதுக்குக் கவலை" என்று யாராவது சொன்னால் விட்டுவிடாதீர்கள். எலக்ட்ரோடின் நீளத்தையும் கேளுங்கள். ரொம்பக் குட்டையானதை வைத்து, பின்னால் மிச்சமும் போய்விட்டால், தாழ்ந்த சத்தத்துக்குரிய இடத்தை அது எட்டாது. எனக்கு நடுத்தர நீளம். நாளைக்கு 250ம் போனால், முழுக்க மின்சாரத்துக்கே மேப்பிங்கை மாற்றித் தருவதாக ஆடியாலஜிஸ்ட் சொல்லியிருக்கிறார்.