அமெரிக்கன் ஃபுட்பால் வீடியோ கேம்கள்: பல வருடம் ஆடிய பிறகும் உறுத்துவது முன்வரிசைதான்

அமெரிக்கன் ஃபுட்பால் வீடியோ கேம்களைப் பல வருடங்களாக விடாமல் ஆடிவருகிறேன். ஆன்லைனில் ஆள் பிடித்து ஆடுவதைவிட, ஓர் அணியை எடுத்துக்கொண்டு சீசன் சீசனாக நடத்திப் போவதுதான் எனக்குப் பிடித்தது. இங்கே சொல்லப்போவது ஏதோ ஒரு பதிப்பின் குறை அல்ல. இதுவரை ஆடியவற்றில் எல்லாம், கூடவோ குறையவோ, கண்ணில் பட்டது.

படத்தைப் பொறுத்தவரை குறை சொல்ல எதுவும் இல்லை. புல்தரை, ஜெர்சியில் விழும் மடிப்பு, ஸ்டேடியம் விளக்கு, மழையில் நனைந்த ஹெல்மெட் எல்லாம் வருடா வருடம் மெருகேறுகின்றன. பந்து வைத்திருப்பவரின் ஓட்டமும் பிரமாதம். ஆனால் பந்தை விட்டுக் கண்ணை எடுத்து, நடுவில் மோதிக்கொண்டிருக்கும் முன்வரிசையைப் பாருங்கள். அங்கே நடப்பது ஃபுட்பாலே இல்லை.

இந்த விளையாட்டில் அணிக்கு 11 பேர். பந்தை வைத்துத் தாக்கும் அணியின் முன்வரிசையில், எதிராளிகளைத் தள்ளித் தடுக்கும் 5 லைன்மேன்கள். நடுவில் நின்று பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டரைத் தவிர, மற்ற நால்வரும் ஒரு முழு மேட்ச்சில் பந்தைத் தொடாமலே போகலாம். ஆனால் மேட்ச் அவர்கள் கையில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் தொழில்முறை லீகான என்எஃப்எல்லில், சென்டரிடம் பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு அதை எறியக் கிடைக்கும் நேரம் சராசரியாக 3 விநாடிகூட இல்லை. அந்த நேரத்தைச் சம்பாதித்துக் கொடுப்பது இந்த ஐந்து பேர். கை எங்கே படுகிறது, யார் தாழ்வாக இறங்குகிறார், எந்தக் கால் முதலில் ஊன்றுகிறது என்று ஒவ்வொரு நொடியும் ஒரு மல்யுத்தம்.

கேமில் அது எப்படி நடக்கிறது? இரண்டு வீரர்கள் நெருங்கியதும், முன்பே பதிவு செய்து வைத்த இருவர் அனிமேஷன் ஒன்று ஓட ஆரம்பிக்கிறது. யார் ஜெயிப்பார் என்பது வீரர்களின் ரேட்டிங்கையும் கொஞ்சம் அதிர்ஷ்டத்தையும் வைத்துத் தொட்ட கணத்திலேயே பெரும்பாலும் முடிவாகிவிடும். அனிமேஷன் முடியும்வரை இருவரும் பூட்டு மாட்டியதுபோல் கிடப்பார்கள். சரியான இடத்தில் பொருந்துவதற்காக ஒருவர் தரையில் வழுக்கிக்கொண்டே வந்து ஒட்டிக்கொள்வதையும் பார்க்கலாம். கால் அசையவே அசையாது, உடம்பு மட்டும் நகரும்.

எனக்கு மிகவும் எரிச்சல் தரும் காட்சி ஸ்வீப் ஓட்டம். பந்தை வாங்கியவர் வலப்பக்கம் சுற்றி ஓட வேண்டும். சென்டருக்கு இடப்பக்கம் நிற்கும் லைன்மேனான கார்டு, வரிசையிலிருந்து விலகி, அவருக்கு முன்னால் ஓடி, எதிர்ப்படும் முதல் ஆளைத் தள்ளி வழி திறக்க வேண்டும். கார்டு ஒழுங்காகத்தான் கிளம்புகிறார். எதிரணி முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர் அவர் தோளை உரசிக்கொண்டே உள்ளே வருகிறார். கார்டு திரும்பியும் பார்ப்பதில்லை. சென்டர் பந்தைக் கொடுக்கும் ஸ்நாப்பின்போது கார்டுக்கென்று குறிக்கப்பட்டவர், பத்து யார்டு தள்ளிக் கடைசிக் காவலாக நிற்கும் சேஃப்டி. அவரைத் தேடியே ஓடிக்கொண்டிருக்கிறார். என் ஆள் பந்து வாங்கிய இடத்திலேயே மண்ணைக் கவ்வுகிறார். ரீப்ளேயில் கேமராவை மேலே ஏற்றிப் பார்த்தால் அந்த உரசல் அப்பட்டமாகத் தெரியும். பள்ளி அணியில் ஆடும் பையன்கூட அந்த லைன்பேக்கரை இடித்துவிட்டுத்தான் போவான். கண்முன் வருகிற ஆபத்தைப் பார்த்து மனதை மாற்றிக்கொள்ளும் புத்தி, இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தக் கார்டுக்கு வரவில்லை.

பாஸ் விளையாட்டிலும் இதே கதைதான். நிஜத்தில் விளிம்பிலிருந்து சுற்றி ஓடிவரும் எதிராளியை, வரிசையின் ஓரத்தில் நிற்கும் லைன்மேனான டேக்கிள் வெளிப்பக்கமாகவே தள்ளிக்கொண்டு போவார். குவார்ட்டர்பேக் இரண்டு அடி முன்னால் வைத்து, லைன்மேன்கள் காத்துத்தரும் பாக்கெட்டுக்குள் நின்று எறிவார். கேமில் முன்னால் அடி வைத்தால் சொந்தக் கார்டின் முதுகில் முட்டிக்கொள்வதுதான் மிச்சம். எதிரணியின் முன்வரிசையில் இரண்டு பேர் குறுக்கே இடம் மாறி வந்தால், லைன்மேன்கள் ஆளை ஒருவருக்கொருவர் ஒப்படைக்க வேண்டும். கேமில் இரண்டு பேரும் ஒரே ஆளைப் பிடிக்க, இன்னொருவர் சும்மா நடந்து வருவார். இதற்கு ஆன்லைனில் ஆடுபவர்கள் கண்டுபிடித்த வழி, பதினைந்து யார்டு பின்னால் ஓடிப்போய், பின்னங்காலில் சாய்ந்தபடியே நீளமாக எறிவது. அதுவும் குறி தவறாமல் போய்ச் சேர்கிறது! நிஜ மைதானத்தில் அப்படி எறிந்த பந்து எதிராளியின் கைக்குத்தான் போகும்.

மற்றக் குறைகளும் இங்கிருந்துதான் கிளைக்கின்றன என்பது என் கணிப்பு. தடுக்கும் அணியின் முன்வரிசை குவார்ட்டர்பேக்கை நெருக்கத் தவறும்போது, எதையாவது வைத்து ஈடுகட்ட வேண்டும் அல்லவா? அதனால்தான் முதுகைக் காட்டி ஓடும் லைன்பேக்கர் பந்தைப் பார்க்காமலேயே ஆளுயரத்துக்கு எம்பித் தட்டிவிடுகிறார். பெனால்டி விஷயமும் அப்படியே. என்எஃப்எல்லில் தாக்கும் அணி மீது வரும் பெனால்டிகளில் ஹோல்டிங், அதாவது எதிராளியை இழுத்துப் பிடிப்பது, மிகச் சாதாரணம், 10 யார்டு போய்விடும். கேமில் பெனால்டிக்காக நடுவரின் கொடி விழுந்ததும் ரீப்ளே போட்டுப் பாருங்கள். யாரும் யாரையும் இழுத்துப் பிடித்திருக்க மாட்டார்கள். பிடிப்பது என்ற செயலே அந்த அனிமேஷனில் இல்லாதபோது, கொடி மட்டும் எங்கிருந்தோ வந்து விழுகிறது.

வருத்தம் என்னவென்றால், இந்த வகையில் பேர்போன மேடன் தொடரின் ஆரம்பமே லைன்மேன்களுக்கான ஒரு பிடிவாதத்தில் இருக்கிறது. முதல் ஜான் மேடன் ஃபுட்பால் 1988-இல் ஆப்பிள் 2 கணினிக்கு வந்தது. அன்றைய கணினியின் திறனுக்கு ஏற்ப அணிக்கு 6, 7 பேரோடு முடித்துக்கொள்ளலாம் என்று தயாரிப்பாளர்கள் நினைத்தார்கள். 11 பேர் இல்லையென்றால் அது ஃபுட்பாலே இல்லை என்று, கேமுக்குப் பெயர் கொடுத்த மேடன் மறுத்துவிட்டார். அவர் கல்லூரியில் லைன்மேனாக ஆடியவர். பிறகு பயிற்சியாளராக ஓக்லாண்ட் ரெய்டர்ஸ் அணிக்கு 1977 ஜனவரியில் என்எஃப்எல்லின் இறுதிப் போட்டியான சூப்பர் போலை வென்று கொடுத்தவர். ஆளைக் குறைத்தால் முதலில் காணாமல் போவது யார் என்று அவருக்குத் தெரியாதா?

வேறு பாதையில் போய்ப் பார்த்தவர்களும் உண்டு. 2010-இல் வந்த பேக்பிரேக்கர் என்ற கேமில் பதிவு செய்த அனிமேஷனை மட்டும் நம்பாமல், மோதும் உடம்பு எப்படி விழும் என்பதை அந்த நொடியிலேயே கணக்கிட்டார்கள். ஓர் ஆளைப் பிடித்து வீழ்த்துவதுபோல் இன்னொன்று இருக்காது. என்எஃப்எல் உரிமம் இல்லாததால் நிஜ அணிகளோ வீரர்களோ அதில் கிடையாது. ஆனாலும் ஒருவர் இன்னொருவர் மேல் சாயும்போது எடை தெரிந்தது. அந்த எடையை முன்வரிசைக்குக் கொண்டுவர இன்றைய கன்சோல்களுக்குத் திறன் இல்லை என்று யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

இருப்பதை வைத்து ஓரளவு நிஜமாக ஆட நினைப்பவர்களுக்கு: மேட்ச்சின் கால்பகுதியான குவார்ட்டருக்கு 15 நிமிடம் என்று நிஜ அளவை அப்படியே வைக்காதீர்கள். ஒவ்வொரு ஸ்நாப்புக்கும் ஆட வேண்டிய திட்டமான பிளேயை நாம் சட்டென்று தேர்ந்தெடுத்துவிடுவதால் பிளேக்களின் எண்ணிக்கை எகிறிவிடும். 10 முதல் 12 நிமிடம் வைத்து, அடுத்த பிளேயைத் தொடங்கக் கிடைக்கும் நேரத்தைக் காட்டும் பிளே கிளாக்கை 20 விநாடிக்கு வேகப்படுத்தினால், ஒரு மேட்ச்சில் ஓர் அணிக்கு அறுபது சொச்சம் பிளேக்கள் என்ற நிஜக் கணக்குக்குப் பக்கத்தில் வரும். அமைப்புகளில் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடர்களில் ஹோல்டிங்கை ஏற்றுங்கள், ரேட்டிங் இடைவெளி பெரிதாக வேலை செய்யும்படி வேக வித்தியாசத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். கேமைத் திருத்தும் பேட்ச் ஒன்று வந்தால் எல்லாவற்றையும் மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும். கார்டின் புத்தியை மாற்ற மட்டும் எந்த ஸ்லைடரும் கிடையாது.

புதுப் பதிப்பு வந்த அன்றே முழு விலை கொடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். சீசன் பாதியில் விலை இறங்கும்வரை காத்திருக்கிறேன். அதற்குள் யாராவது முழு மேட்ச் வீடியோ போட்டிருப்பார்கள். அதில் ஸ்கோரையோ ரிசீவர் ஒற்றைக் கையில் பிடிப்பதையோ பார்க்காதீர்கள். ஓட்ட ஆட்டத்தின் ரீப்ளே வரும்போது நிறுத்தி, விலகி ஓடும் கார்டை மட்டும் பின்தொடருங்கள். எதிரே வருபவரை இடிக்கிறாரா, தாண்டிப் போகிறாரா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.