கேம்லிஃப்ட் கியூ: ரெண்டு வருஷம் ஓட்டிப் பார்த்த அனுபவம்

மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருந்துக்கிட்டு நானும் என் ரெண்டு கூட்டாளிகளும் ஒரு ஆன்லைன் கபடி கேம் ஓட்டிக்கிட்டு இருக்கோம். ஒரு பக்கம் 7 பேர், மொத்தம் 14 பேர், ஒரு மேட்ச் 12 நிமிஷம். பகல்ல மூணு பேருக்கும் வேற வேலை, ராத்திரியிலதான் இது. சர்வர் முழுக்க அமேசான் கேம்லிஃப்ட்ல ஓடுது, ஆன்லைன் கேமுக்கு சர்வரை வாடகைக்குக் குடுத்து நடத்துற சேவை அது, இப்ப அதுக்கு கேம்லிஃப்ட் சர்வர்ஸ்னு பேரு. ரெண்டு வருஷமா அதுல கியூ செட்டப்பை மாத்தி மாத்தி வச்சுப் பார்த்ததுல கையில வந்ததைச் சொல்றேன், தமிழ்ல இதைப் பத்தி தேடுனப்ப எனக்கு ஒண்ணுமே கிடைக்கல.

கியூன்னதும் விளையாட வர்ற பசங்க வரிசையா நிக்கிற இடம்னு நானும் நினைச்சேன், அது இல்ல. "14 பேர் ரெடி, ஒரு மேட்ச் போடணும்"னு நம்ம பேக்கெண்ட் (பின்னால ஓடுற நம்ம சொந்த புரோகிராம்) அனுப்புற கோரிக்கைதான் அதுல நிக்குது. எங்க பாட்டி பால்மரம் வெட்டுன காலத்துல விடியக்காலையில பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முந்தி எல்லாரும் கூடுற இடத்துக்குப் போவாங்க, அங்க யாருக்கு எந்த மர நிரைன்னு மேற்பார்வை பார்க்கிற மண்டோர் பிரிச்சு விடுவாரு, அந்த வேலைதான் இது. ஃப்ளீட்னா ஒரே மாதிரி சர்வர்களோட கூட்டம்; சிங்கப்பூர்ல இருக்கிற ஃப்ளீட்டுக்கா மும்பைல இருக்கிறதுக்கா, எதுல காலி இருக்கு, எது கிட்டக்க, எது காசு கம்மி, எல்லாத்தையும் பார்த்து மேட்சை ஒரு சர்வர்ல கொண்டுபோய் வைக்கும்.

எங்க ஆளுங்க எங்கெங்க இருக்காங்கன்னா சுங்கை சிப்புட், ஈப்போ, கிள்ளான், கொஞ்சம் சிங்கப்பூர், அப்புறம் பெரிய கூட்டம் சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும். அதனால சிங்கப்பூர் ஒண்ணு, மும்பை ஒண்ணுன்னு ரெண்டு இடம் வச்சோம். ஒவ்வொருத்தர் பிங்கையும், அதாவது சர்வருக்குப் போய் வர்ற நேரத்தையும் எடுத்து கோரிக்கையோட அனுப்புனா எல்லாரோட சராசரியும் எங்க கம்மியோ அங்க போடும்னு படிச்சேன், சரி லா இது போதும்னு அப்படியே விட்டுட்டேன்.

என் சித்தி மகன் ஒருத்தன் தோட்டத்துல, அதாவது எஸ்டேட்ல இருக்கான். வீட்டுக்குள்ள லைன் கிடைக்காது, மாரியம்மன் கோயில் திடலுக்கு வந்து படிக்கட்டுல உட்காந்துதான் 4ஜியில விளையாடுவான். அவன் ஒருநாள் மோட்டார் பைக்கை எடுத்துக்கிட்டு நேரா வீட்டுக்கே வந்துட்டான். "அண்ணே, நான் தொட்டேண்ணே. தோள்ல கை பட்டுச்சு, என் ஸ்கிரீன்ல தெரியுது, அவன் பாட்டுக்கு ஓடுறான், பாயிண்ட் வரல"ன்னு சொல்றப்ப அவன் கண்ணு கலங்கிருச்சு. ரெக்கார்ட் பண்ணி வச்சிருந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். கை தோள்ல நல்லா படியுது, ஆனா சர்வருக்கு அது போய்ச் சேர்றதுக்குள்ள அந்த சென்னைப் பையன் ரெண்டு அடி பின்னால போயிட்டான். கபடியில ஆட்டமே அந்த ஒரு தொடுறதுலதான இருக்கு.

அன்னிக்கு ராத்திரியே லாக் எடுத்துக் கணக்குப் போட்டேன். அந்த மேட்ச்ல 12 பேர் சென்னை, ரெண்டு பேர் நம்ம தோட்டம். சென்னைப் பசங்களுக்கு மும்பை சுமாரா 30 மில்லிசெகண்ட், சிங்கப்பூர் 60. நம்ம ரெண்டு பேருக்கும் சிங்கப்பூர் 70, மும்பை 150. சராசரி எடுத்தா மும்பைக்கு 47, சிங்கப்பூருக்கு 61. கியூ மும்பையில போட்டுச்சு, நாம சொன்னதை அப்படியே செஞ்சிருக்கு. ஆனா 12 பேர் ஜம்முன்னு ஆட, ரெண்டு பேர் 150ல கிடந்து அல்லாடுறான். கூட்டம் எங்க பெருசோ சராசரி அந்தப் பக்கம் சாயும், தோட்டத்துப் பையன் எப்பவும் கம்மியாத்தான் இருப்பான். இதை நான் ஆரம்பத்துலயே யோசிச்சிருக்கணும், யோசிக்கல, மாசக்கணக்கா அவன் அப்படியே விளையாடியிருக்கான்.

இதுக்குத்தான் பிளேயர் லேட்டன்சி பாலிசின்னு ஒண்ணு இருக்கு, லேட்டன்சின்னா இந்தத் தாமதம்தான். எத்தனை மில்லிசெகண்ட் வரைக்கும் பரவால்ல, அந்த வரம்பு எத்தனை செகண்டுக்குன்னு குடுக்கலாம். வரம்பு சராசரிக்கு இல்ல, ஒவ்வொரு ஆளுக்கும், அதான் முக்கியம். ஒருத்தனுக்கு வரம்பைத் தாண்டுனாலும் அந்த இடத்தை விட்டுரும். எங்களோடது இப்ப இப்படி இருக்கு: முதல் 20 செகண்ட் 80, அடுத்த 25 செகண்ட் 120, அதுக்கப்புறம் 180. அதே 14 பேரை இதுல விட்டா மும்பை முதல் படியிலயே கழண்டுரும், சிங்கப்பூர்ல எல்லாரும் 80க்குள்ள, மேட்ச் அங்க உக்காந்துரும். சென்னைப் பசங்களுக்கு 30 கூடுது, ஆனா 60ல கபடி நல்லாவே ஆடலாம், ஒருத்தரும் குறை சொல்லல. சென்னை ஆளுங்க மட்டும் இருக்கிற மேட்ச் பழையபடி மும்பைக்கே போயிரும்.

பாலிசியை எழுதுறதுக்கு முன்னாடி உங்ககிட்ட இருக்கிறதிலேயே மோசமான லைன் யாருக்குன்னு பாருங்க, அவன் ஃபோனை வாங்கி அவன் இடத்துலயே உக்காந்து அளந்து பாருங்க. நான் அந்தக் கோயில் படிக்கட்டுல ஒரு சாயங்காலம் முழுக்க உக்காந்துதான் அந்த 80ஐ முடிவு பண்ணேன். வீட்டு ஃபைபர்ல எடுத்திருந்தா 50னு போட்டிருப்பேன், அவனுக்கு முதல் படியில என்னிக்குமே இடம் கிடைச்சிருக்காது.

பிங் அளக்குறதுலயும் ஒரு பெரிய தப்பு பண்ணேன். ரீஜன் எண்ட்பாயிண்டுக்கு, அதாவது அந்தந்த இடத்துல இருக்கிற அமேசான் முகவரிக்கு, வெப்சைட் திறக்குற மாதிரி ஒரு எச்டிடிபிஎஸ் ரிக்வெஸ்ட் விட்டு எவ்வளவு நேரம்னு எடுத்தோம், ஆனா முதல் ரிக்வெஸ்ட்ல கனெக்‌ஷன் போடுறது, டிஎல்எஸ் கைகுலுக்கல் (பாதுகாப்பான இணைப்புக்கு ரெண்டு பக்கமும் பேசி முடிக்கிறது) எல்லாம் சேர்ந்து நாலு தடவை போய் வந்துரும், அப்ப 35 வர வேண்டிய இடத்துல 140ன்னு நிக்கும். அப்ப எங்க பாலிசி ஒரே படி, 100. யாருக்குமே எந்த இடமும் தேறல, கோரிக்கை எல்லாம் நேரம் முடிஞ்சு டைம்டு அவுட், ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்க ஒரு மேட்ச் கூட ஓடல. இப்ப கனெக்‌ஷனைத் திறந்து வச்சு முதல் அளவைத் தூக்கிப் போட்டுட்டு அஞ்சு தடவை எடுத்து நடுவுல உள்ளதை அனுப்புறோம். கேம்லிஃப்ட்லயே யூடிபி பிங் பீக்கன் (பிங் அளக்குறதுக்குன்னே பதில் சொல்ற இடம்) வந்திருக்கு, கேமும் யூடிபிலதான், அந்தக் கைகுலுக்கல் எதுவும் இல்லாத வழியிலதான் ஓடுது, அதுக்கு மாறுறதுதான் சரி.

கோரிக்கை எவ்வளவு நேரம் காத்திருக்கும்ங்கிற டைம் அவுட், சும்மா விட்டா 600 செகண்ட். 10 நிமிஷம் எந்தப் பையன் ஃபோனைப் பார்த்துக்கிட்டு நிப்பான்? நாங்க 90 வச்சிருக்கோம், கிடைக்கலன்னா சொல்லிட்டு மறுபடியும் லாபியில சேர்த்துடுறோம். ஆனா டைம் அவுட்டைக் குறைச்சா பாலிசி படிகளையும் அதுக்குள்ள அடங்குற மாதிரி குறைக்கணும், இல்லன்னா கடைசிப் படி வர்றதுக்கு முன்னாடியே கோரிக்கை செத்துரும்.

இன்னொண்ணு, சிங்கப்பூர்ல காலி இல்லன்னா பாலிசி எவ்வளவு நல்லா எழுதியும் பிரயோஜனம் இல்ல, 45 செகண்ட் காத்துக் கிடந்துட்டு கடைசிப் படியில மும்பைக்கே போயிரும், புது இன்ஸ்டன்ஸ் (வாடகை மெஷின்) எழும்பி வர சில நிமிஷம் ஆகும்ல. அமேசானோட கண்காணிப்புக் கருவி கிளவுட்வாட்ச்ல ஃபர்ஸ்ட் சாய்ஸ் அவுட் ஆஃப் கெப்பாசிட்டின்னு ஒரு கணக்கு இருக்கு, முதல் தேர்வுல காலி இல்லாம வேற இடத்துல போட்ட மேட்ச் எத்தனைன்னு காட்டும், ஸ்கூல் லீவு நாள்ல ராத்திரி 9 மணிக்கு அது ஏறுறதைப் பார்த்துட்டு சிங்கப்பூருக்கு மட்டும் காலி இடம் 30 சதவீதம்னு ஏத்தி வச்சேன். தினமும் பார்க்கிறது அதையும் டைம்டு அவுட் கணக்கையும்தான்.

காசு விஷயம். ஸ்பாட் இன்ஸ்டன்ஸ்னா அமேசான்கிட்ட மிச்சம் கிடக்கிற மெஷின், நல்ல மலிவு, ஆனா எப்ப வேணும்னாலும் திருப்பி எடுத்துக்குவாங்க, ரெண்டு நிமிஷம் முன்னாடிதான் அறிவிப்பு வரும். ஆரம்பத்துல ஸ்பாட் மட்டும், அதுவும் ஒரே ரக மெஷின் வச்சிருந்தேன், தீபாவளிக்கு முந்தின ராத்திரி ரெண்டாவது பாதியில ஒரு மேட்ச் அப்படியே போயிருச்சு. இப்ப ரெண்டு இடத்துலயும் வேற வேற ரகத்துல ரெண்டு ஸ்பாட் ஃப்ளீட், கூட ஒரு ஆன் டிமாண்ட் ஃப்ளீட் (முழு விலை, ஆனா பிடுங்க மாட்டாங்க), எல்லாம் ஒரே கியூவுல. பிடுங்கிக்க வாய்ப்பு அதிகமா இருக்கிற ஸ்பாட்டை கியூவே தவிர்த்துரும், அதுக்கப்புறம் அந்த மாதிரி அறிவிப்பு வந்தது கம்மிதான். வந்தாலும் அந்த ரெண்டு நிமிஷத்துல ஸ்கோரை எழுதி வச்சு பசங்களுக்கும் சொல்லிடுறோம்.

முன்னுரிமை வரிசையில லேட்டன்சிதான் முதல்ல இருக்கும், காசு அதுக்கு அடுத்து. பாலிசி போடுறதுக்கு முன்னாடி நான் ஒரு மாசம் காசை முதல்ல தூக்கி வச்சுப் பார்த்தேன், பில் குறைஞ்சது நிஜம், ஈப்போ ஆளுங்க மட்டும் ஆடுற மேட்ச்சும் மும்பைக்குப் போச்சு, உடனே மாத்திட்டேன். வேகமான ஆட்டத்துக்கு அந்த வரிசையைத் தொடவே தொடாதீங்க.

சின்னதா ரெண்டு. கியூவுல ஃப்ளீட்டை நேரா சேர்க்காம ஏலியஸ் (ஃப்ளீட்டைக் காட்டுற மாற்றுப் பேரு) வழியா சேருங்க, புது பில்டுக்கு, அதாவது கேமோட புது பதிப்புக்கு ஏலியஸை மட்டும் திருப்பி விட்டாப் போதும். மேட்ச் கிடைச்சுச்சான்னு செகண்டுக்கு ஒருதரம் கேட்டுக்கிட்டே இருக்காதீங்க, எஸ்என்எஸ் (அமேசானோட அறிவிப்பு சேவை) வழியா அதுவே வந்து சொல்லும்.

ஒரே ஒரு ஃப்ளீட்தான் வச்சிருக்கீங்கன்னாலும் கியூ போட்டு ஆரம்பிச்சிருங்கன்னுதான் சொல்லுவேன். அப்புறமா இடம் கூட்டுறப்ப பேக்கெண்ட் கோட்ல கை வைக்க வேண்டியதில்ல, நாங்க மும்பையைச் சேர்த்தப்ப ஒரு வரி கூட மாத்தல.

சித்தி மகன் இப்பவும் அதே படிக்கட்டுலதான். போன வாரம் அவன் ஒரே ரெய்டுல மூணு பேரைத் தொட்டுட்டுத் திரும்புன வீடியோ அனுப்புனான், நான் முதல்ல பார்த்தது மூலையில தெரிஞ்ச பிங்கைத்தான், 72. யூடிபி பீக்கன் மாத்தி முடிச்சதும் அவன் ஃபோன்லதான் முதல் டெஸ்ட்.