மூடுலில் தையல் கோர்ஸ்: நாள்பட ஓட்டிப் பார்த்த அனுபவம்

ஆன்லைனில் பாடம் நடத்த உதவும் மூடுல் என்ற மென்பொருள் இலவசம் என்பார்கள். உண்மைதான், மென்பொருளுக்குப் பைசா கிடையாது. ஆனால் அதை வைக்க சர்வர், அதாவது எந்நேரமும் இணையத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் வேண்டும், வருஷா வருஷம் அதற்குப் பணம் கட்ட வேண்டும், அப்டேட் போட ஆள் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் நாமே ராத்திரி உட்கார வேண்டும். இதெல்லாம் தெரிந்து இறங்கினால் நல்ல சாமான்.

நான் மதுரை வில்லாபுரத்தில் மாடியில் தையல் வகுப்பு நடத்துகிறேன். உசிலம்பட்டி, மேலூர் பக்கமிருந்து கைக்குழந்தையோடு தினமும் பஸ் ஏறி வர முடியாதவர்களுக்காகத்தான் பிளவுஸ் கட்டிங் கோர்ஸை ஆன்லைனில் போட்டேன். எல்லோரும் போனில்தான் படிக்கிறார்கள், லேப்டாப் கணக்கிலேயே வராது.

வீடியோவைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். வெட்டுகிற மேஜைக்கு நேர் மேலே போனை மாட்டிக்கொள்ளுங்கள். அரக்கு கலர் துணியில் வெள்ளை சாக்பீஸ் போட்டால் கோடு சின்ன ஸ்கிரீனிலும் பளிச்சென்று தெரியும். ஃபேனை நிறுத்திவிட்டு விடியற்காலையில் எடுங்கள். ஆடி மாசத்தில் மட்டும் குரல் பதிவு வைத்துக்கொள்ள வேண்டாம், தெருவுக்குத் தெரு மைக் செட் கட்டியிருப்பார்கள். வீடியோவை சர்வரில் ஏற்றாமல் யூடியூபில் லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கிற மாதிரி போட்டு, பாடத்துக்குள் ஒட்டிவிட்டால் இடமும் மிச்சம், வேகமும் கிடைக்கும். அவ்வளவுதான் வீடியோ.

மூடுலை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் அதன் வினாத்தாள். கால்குலேட்டட் என்று ஒரு கேள்வி வகை இருக்கிறது. மார்புச் சுற்றளவு இருக்கிற இடத்தில் ஒரு எழுத்தை நெளிவு அடைப்புக்குள் போட்டு, விடைக்கு 'அதில் கால் பங்கு, கூட லூசுக்கு இவ்வளவு, தையலுக்கு இவ்வளவு' என்று சூத்திரம் கொடுத்து, அளவு 30-லிருந்து 44-க்குள் வரட்டும் என்று சொல்லிவிட்டால் ஆளுக்கொரு அளவு போய்ச் சேரும். ஒருத்தி 9 இஞ்ச் என்று வாட்ஸ்அப்பில் விடை போட்டாலும் அடுத்தவளுக்கு அது உதவாது, அவள் டேப்பையும் பேப்பரையும் எடுத்துத்தான் ஆக வேண்டும். கால் இஞ்ச் முன்னே பின்னே இருந்தால் சரி என்று தளர்வும் கொடுக்கலாம். இதில் தேறினால்தான் அடுத்த பாடம் திறக்கும் என்று பூட்டும் போட்டு வைத்திருக்கிறேன். அளவுக் கணக்கு வராமல் துணியில் கத்தரி வைத்தால் துணிதானே வீண்.

அடுத்தது அசைன்மென்ட். தைத்த பிளவுஸின் உள்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். வெளியே இஸ்திரி போட்டால் எல்லா பிளவுஸும் அழகுதான், உள்ளே திருப்பினால்தான் வண்டவாளம் தெரியும். "அக்கா, ஆர்ம்ஹோல்கிட்ட ஏன் இழுக்குது?" என்று, கை பொருத்தும் வளைவைப் பற்றிக் கேட்டிருந்த ஒரு பெண்ணின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால், வளைவில் தையல் ஓரத்துணிக்குக் கத்தரியால் சின்னச் சின்ன வெட்டு கொடுக்கவே இல்லை. எத்தனை வீடியோ போட்டாலும் இந்த இடம் எனக்குத் தெரிந்திருக்காது.

இந்த போட்டோ விஷயத்தில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. மூடுல் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பியில் ஒரு ஃபைலின் அப்லோட் அளவு ஆரம்பத்தில் 2 எம்பி, மொத்தமாக அனுப்புவதற்கு 8 எம்பி என்றிருக்கும். இன்றைய போன் போட்டோ ஒன்றே பெரும்பாலும் அந்த 2 எம்பியைத் தாண்டிவிடும். இரண்டு அளவையும் சர்வரில் கூட்ட வேண்டும், மூடுலுக்குள் மட்டும் மாற்றினால் ஏறாது. அதேபோல கிரான், அதாவது குறித்த நேரத்துக்கொருமுறை சர்வரில் வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி. அதை நிமிஷத்துக்கு ஒருமுறை ஓட விடுங்கள் என்று மூடுல் ஆவணமே சொல்கிறது. அது ஓடாவிட்டால் நினைவூட்டல் மெயில் எதுவும் போகாது. நான் முதலில் எடுத்திருந்த மலிவு ஹோஸ்டிங்கில் (வாடகை சர்வர்) கால் மணிக்கு ஒருமுறைக்கு மேல் அனுமதியில்லை, கேட்டால் பதிலும் இல்லை. மாறிவிட்டேன்.

ஒருவர் வேலையை இன்னொருவர் திருத்துகிற ஒர்க்‌ஷாப் என்ற வசதியையும் போட்டுப் பார்த்தேன். கட்டம் கட்டமாக அதை நகர்த்துவது எனக்கே சுற்றலாக இருந்தது, பிள்ளைகளைக் கேட்கவே வேண்டாம். அதை எடுத்துவிட்டு சாதாரண கலந்துரையாடல் பகுதியில் போட்டோ போடச் சொன்னேன், கலகலவென்று ஆகிவிட்டது. மூடுலை ஆரம்பித்து 2002-ல் முதல் பதிப்பை வெளியிட்ட ஆஸ்திரேலியாக்காரர் மார்ட்டின் டூகியாமஸ், அடுத்தவர் பார்க்கிற மாதிரி ஒன்றைச் செய்யும்போதுதான் நன்றாகக் கற்கிறோம் என்ற கொள்கையை வைத்துத்தான் இதைக் கட்டினாராம். மீனாட்சி அம்மன் கோயில் எதிரிலுள்ள புது மண்டபத்தில் வரிசையாகத் தையல் மெஷின் போட்டிருந்த காலத்தில் பக்கத்து மெஷினைப் பார்த்துப் பார்த்தே தொழில் படித்த ஊர் இது, நமக்கு அவர் சொல்லித்தான் தெரிய வேண்டுமென்று இல்லை.

புதிதாக ஆரம்பிக்கிறவர்கள் நீண்டகால ஆதரவு உள்ள பதிப்பையே எடுங்கள், 4.5 அப்படிப்பட்டது. ஆறு மாதத்துக்கொருமுறை வருகிற புதுப் பதிப்பையெல்லாம் துரத்த வேண்டியதில்லை. அப்டேட்டுக்கு முன்னால் கோர்ஸை பேக்கப் எடுத்து, அதில் கிடைக்கும் எம்பிஇசட் (.mbz) ஃபைலைக் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள். தீபாவளி ஆர்டர் முடிந்ததும் அந்த ஃபைலிலிருந்தே சுடிதார் கோர்ஸைத் தொடங்கப் போகிறேன்; பூட்டு, வினா அமைப்பு எல்லாம் அப்படியே வந்துவிடும், வீடியோவும் அளவும் மட்டும்தான் புதிது.