பார்ட்டி பிரிந்தால்: மாற்றி மாற்றி ஓட்டுவதா, ஒரு பக்கத்தை முடித்துவிட்டு வருவதா?

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடுகிற ரோல்-பிளேயிங் ஆட்டங்களில், கதையை நடத்தும் ஜிஎம் (கேம் மாஸ்டர்) நாற்காலியில் உட்காரும் யாருக்கும் பார்ட்டி, அதாவது கதாபாத்திரங்களின் குழு, பிரிகிற நாள் வராமல் போகாது. ஐந்து பேர் ஆடுகிற மேஜையில் இரண்டு பேர் பிரபுவின் விருந்துக்குப் போகிறோம் என்பார்கள், மீதி மூன்று பேர் அதே நேரத்தில் மாளிகையின் நிலவறைக்குள் இறங்குகிறோம் என்பார்கள். எனக்கு வந்தபோது முதலில் விருந்தை எடுத்துக்கொண்டேன். பேச்சு ரொம்ப சுவாரசியமாகப் போனது, விருந்தில் இருந்தவர்களுக்கு. முக்கால் மணி நேரம் கழித்து கடகடவென்று சத்தம் கேட்டுத் திரும்பினால், நிலவறைக்காரர் ஒருவர் தன் ஏழு பகடைகளையும் கோபுரமாக அடுக்கியிருக்கிறார். உச்சியில் நாலுமுகப் பகடையை வைக்கும்போது சரிந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் போனுக்குள் போயிருந்தார். மூன்றாமவர் மட்டும் மரியாதைக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் கிட்டத்தட்ட எல்லா வழியையும் ஓட்டிப் பார்த்தேன். இப்போது நான் சில நிமிடத்துக்கு ஒருமுறை பக்கம் தாவி மாற்றி மாற்றி ஓட்டுகிற கட்சி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

"பார்ட்டியைப் பிரிக்கவே கூடாது" என்ற பழைய விதியைப் பற்றி அதிகம் பேச ஒன்றும் இல்லை. டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) 1974-இல் வந்தபோது ஆட்டமே நிலவறைக்குள் கும்பலாகப் போவதுதான், அங்கே இரண்டு பேர் தனியாகப் போனால் சாவார்கள், விதி சரி. ஆனால் 1981-இல் வந்த கால் ஆஃப் கதுலு மாதிரி துப்பறியும் ஆட்டத்தில் ஒருவர் நூலகத்துக்கும் இன்னொருவர் இறந்தவரின் வீட்டுக்கும் போவதுதான் இயல்பு. அங்கே ஐந்து பேரும் ஒரே கதவைத் தட்டுவது சிரிப்பாக இருக்கும்.

ஒரு பக்கத்தை முழுசாக முடித்துவிட்டு அடுத்த பக்கம் போவது ஜிஎம்முக்குச் சுலபம். குரல் மாற வேண்டாம், வரைபடம் மாற வேண்டாம், யார் எங்கே நின்றார்கள் என்று நினைவில் வைக்க வேண்டாம். பிரிவு ஐந்து, பத்து நிமிடத்தில் முடியும் என்று உறுதியாகத் தெரிந்தால் இன்றும் அதைத்தான் செய்வேன். தெரிந்தால் மட்டும்.

ஒவ்வொரு பக்கத்தையும் தனி அறைக்குக் கூப்பிட்டு ஆடுகிற முறைக்கு வயது அதிகம். 1960-களின் இறுதியில் டேவ் வெஸ்லி நடத்திய பிரௌன்ஸ்டைன் என்ற ஆட்டத்தில் ஆட்களைத் தனித்தனியாக வேறு அறையில் சந்திப்பதுதான் திட்டம், ஆனால் வெளியே காத்திருந்தவர்கள் தங்களுக்குள்ளேயே பேசி வைத்து, இரண்டு பேர் சண்டைக்குச் சவால் விடும் அளவுக்குப் போய்விட்டார்கள். ஆட்டத்துக்குள் துரோகி இருந்தால் தனி அறைக்கு ஈடு கிடையாது. மற்றபடி, அந்தப் பக்கம் நடந்த நல்ல காட்சியை இந்தப் பக்கம் யாருமே பார்க்காமல் போவது எனக்குப் பெரிய நஷ்டமாகப் படுகிறது. இரண்டு ஜிஎம் வைத்து ஆளுக்கொரு அறை என்று நான் நடத்தியதே இல்லை, ஆகவே அதைப் பற்றிக் கருத்தும் இல்லை.

சரி, மாற்றி மாற்றி ஓட்டுவதற்கு வருவோம். இதில் காத்திருப்பு குறைகிறது என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் ஒரு நிமிடம்கூடக் குறையாது. இரண்டு மணி நேர ஆட்டத்தைச் சரிபாதியாகப் பிரித்தால் ஒவ்வொருவரும் மொத்தம் ஒரு மணி நேரம் சும்மாதான் இருப்பார்கள், எந்த முறையில் ஓட்டினாலும். மாறுவது ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் உட்கார வேண்டியிருக்கிறது என்பதுதான். அறுபது நிமிடம் தொடர்ந்து காத்திருக்கிற ஆள் இலவு காத்த கிளி, ஐந்து ஐந்து நிமிடமாகப் பன்னிரண்டு தடவை காத்திருக்கிற ஆள் அடுத்து என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பார். யோசிப்பதற்கு எப்படியும் நேரம் வேண்டும், அந்த நேரத்தை இன்னொரு பக்கத்தின் காட்சிக்குக் கீழே ஒளித்து வைத்துவிடுகிறோம், அவ்வளவுதான் சூட்சுமம். "கதவைத் திறப்பதா, ஒட்டுக்கேட்பதா, பேசி முடிவெடுங்கள்" என்று மூன்று பேரிடம் சொல்லிவிட்டு விருந்துக்குத் தாவினால், திரும்பி வரும்போது முடிவு தயாராக இருக்கும். ஒரே பார்ட்டியாக இருக்கும்போது அந்த விவாதத்தைக் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருப்பது நான்தான்.

காட்சியை எங்கே வெட்டி மறுபக்கம் தாவுவது என்பதில்தான் ஆரம்பத்தில் சொதப்பினேன். காட்சி ஓய்ந்த பிறகு வெட்டுவேன், திரும்பி வரும்போது எல்லாரும் ஆறிப்போயிருப்பார்கள். தொடர்கதையில் "தொடரும்" போடுகிற இடம்தான் சரியான இடம். பகடையை உருட்டச் சொல்லி, எண் மேஜையில் விழுந்து, விளைவைச் சொல்வதற்கு முன்னால். ஒரு தடவை பூட்டைத் திறக்க முயன்றவருக்கு 3 விழுந்தது. "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டு விருந்துப் பக்கம் போனேன். அடுத்த ஐந்து நிமிடமும் அவர் கண் அந்தப் பகடையை விட்டு அகலவில்லை, போனைத் தொடவே இல்லை. ஆனால் எல்லா வெட்டையும் இப்படிச் செய்தால் எரிச்சலாகிவிடும், மூன்றில் ஒன்று போதும்.

ஒரு பக்கம் சண்டை, மறுபக்கம் பேச்சு என்றால் கடிகாரம் பார்க்காதீர்கள். டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பில் ஒரு ரவுண்ட், அதாவது சண்டையில் எல்லோருக்கும் ஒரு முறை வாய்ப்பு வரும் சுற்று, கதைக்குள் 6 விநாடி, பத்து ரவுண்ட் அடித்தாலும் கதைக்குள் ஒரு நிமிடம்தான், மேஜையிலோ முக்கால் மணி நேரம் ஓடியிருக்கும். இதைப் பேச்சோடு ஒத்துப்போக வைக்க நினைத்தால் பிரபு ஒரு "வாருங்கள்" சொல்வதற்குள் சண்டை முடிந்துவிடும். நான் ஒரு ரவுண்ட் சண்டை, அப்புறம் ஒரு சின்ன உரையாடல் என்று மாற்றுகிறேன், யாரும் கணக்குக் கேட்டதில்லை. இரண்டு பக்கமும் சண்டை என்றால் எல்லோரையும் யாருக்கு அடுத்து யார் என்று சொல்லும் ஒரே இனிஷியேட்டிவ் வரிசையில் போட்டுவிடுவேன், வெட்டுகிற வேலையை அந்த வரிசையே பார்த்துக்கொள்ளும்.

இதோடு சேர்த்துக்கொள்ள ஒன்று: சும்மா இருப்பவர்களுக்கு வேஷம் கொடுப்பது. 1987-இல் வந்த ஆர்ஸ் மேஜிக்கா இதை ஆட்டத்தின் அமைப்பிலேயே வைத்திருக்கிறது, அதில் குரோக் எனப்படும் காவலாட்கள் யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் எடுத்து ஆடலாம். சண்டையில் எதிரியைக் கொடுப்பது இன்னும் சுலபம். டி அண்ட் டி 2014 பதிப்பின் கோப்ளின் என்ற குட்டி அரக்கனுக்கு 7 ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி), கவச எண் 15, துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினால் போதும். ஒரே ஆபத்து, சொந்த நண்பர்களை அடிக்கக் கிடைத்த வாய்ப்பை அவர்கள் விடுவதே இல்லை. நான் அத்தனை இரக்கமில்லாமல் கோப்ளின் ஆடியதே கிடையாது.

ஆன்லைனில் குரல் வழியாக ஆடும்போது இதெல்லாம் எந்த அளவுக்குச் செல்லும் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை, இரண்டு முறைதான் ஓட்டியிருக்கிறேன். முகம் தெரியாததால் யார் சலித்துவிட்டார்கள் என்று பிடிபடவில்லை, அதனால் வெட்டுகளை மூன்று நிமிடத்துக்குக் குறைத்தேன், அதுவும் சிலருக்கு வேகமாகப் பட்டது.

பார்ட்டி மூன்றாகப் பிரிந்தால் இந்த முறை தள்ளாடுகிறது. ஐந்து நிமிட வெட்டு என்றால் ஒவ்வொருவரும் பத்து நிமிடம் உட்கார வேண்டும், பகடைக் கோபுரம் மறுபடியும் எழும்ப அது போதுமான நேரம். அப்படி நடந்தபோது தனியாகப் போனவரின் காட்சியைச் சீக்கிரம் முடித்து, விருந்தில் பிரபுவின் மைத்துனராக உட்கார வைத்துவிட்டேன். அடுத்த வாரம் தன் கேரக்டரை விட்டுவிட்டு மைத்துனரையே ஆடலாமா என்று கேட்டார்.